எழுந்து நின்ற பையன்கள்

எரியோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். வருடா வருடம் உதவித்தொகைப் பட்டியல் வகுப்புக்கு வரும். "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்கப்பா" என்பேன். எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பணம்தானே கிடைக்கிறது, இதில் என்ன தப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆய்வைப் படித்தேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்கள் 642 பேரிடம் நடத்தியது. உலக வங்கி 2004-ல் வெளியிட்டது. தாளில் உள்ள புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடித்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புப் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். வேறு சில குழுக்களில் பெயர், ஊர், அப்பா, தாத்தா பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்டது சுமார் 20 சதவீதம் குறைந்துபோனது. மூளை அதேதான்!

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. டீக்கடையில் கைக்கயிறு பற்றித்தான் பேச்சு. எனக்குப் பதிவேடுதான் பெரிதாகப் படுகிறது. கயிறு பையன்கள் கட்டியது. பட்டியல் வாசித்தது நாங்கள்.

"சாதி கேட்காமல் சலுகை எப்படி?" என்கிறார் நண்பர். அலுவலக ஏட்டில் இருக்கட்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

கணக்கில் கெட்டியான பையன் ஒருவன், எழுந்து நின்ற அன்று மதியம் வாயே திறக்கவில்லை. பசி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.