தயிரும் பல்லும்

கிருமி என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நோயை நினைந்து அஞ்சுதல் நம்மனோர் வழக்கம். ஆயினும், நாடோறும் பாலில் உறைமோரிடும் நம் அன்னையர் கோடானுகோடிக் கிருமிகளை வளர்த்தே நமக்கு ஊட்டுகின்றனர். அவை பற்சொத்தையைத் தடுக்கவும் துணைசெய்யுமோ என்பது இந்நாளில் ஆராயப்பட்டு வரும் வினா. அதுபற்றி எம் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

சொத்தை விளையுமாறு யாது? 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் ஆங்கில அறிஞர் சொத்தைப் பல்லினின்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னுங் கிருமியைப் பிரித்தெடுத்தார். பல்லின்மேற் படிந்து வாழும் இதுவும் இதன் கூட்டத்தனவும் நாம் உண்ணுஞ் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பல்லின் மேலுறையாகிய எனாமலைக் கரைப்பது.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள 594 குழந்தைகளை இருகூறாக்கி, ஒருசாரார்க்கு லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்னுங் கிருமி சேர்த்த பாலையும், மற்றையோர்க்கு வெறும் பாலையும் ஏழு மாதம் அளித்தனர். முன்னையோரிடம் சொத்தை குறைவாயிருந்தது. மூன்று நான்கு வயதினரிடம் அந்நலம் மிகுந்து தோன்றிற்று. இம்முடிவு 2001இல் வெளியாயிற்று.

இதுகேட்டு, இனிப் பற்பசை வேண்டா, தயிரே அமையும் என்பார் உளராயின், அவர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். ஹெல்சிங்கியில் அளித்தது தேர்ந்தெடுத்ததோர் இனம். நம் வீட்டு உறைமோரில் இருப்பன யாவும் அவ்வினமல்ல. மேலும், லாக்டோபாசில்லஸ் குலமே அமிலம் ஆக்குவது. ஆழ்ந்த சொத்தையினுள்ளும் அக்குலத்தாரைக் காணலாம். அன்றியும், உண்பதை நிறுத்தின் இக்கிருமிகள் பெரும்பாலும் வாயில் நிலைத்து வாழ்வதில்லை. ஆதலின் தயிரைப் பல்நோய்க்கு மருந்தெனல் பொருந்தாது.

ஆயின் பயனில்லையோ? உண்டு. நம் மதுரையில் சித்திரைத் திருவிழாக் காலத்து நீர்மோர்ப் பந்தல்களைக் காணாதார் யார்? மோரும் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் அன்றி ஆங்குச் சர்க்கரைக்கு இடமில்லை. மோரின் பெருநலம் அதிலுள்ள கிருமியினும் அதிலில்லாத சர்க்கரையிலேயே உளதென்பது எம் துணிபு. ஜிகர்தண்டாவின் சுவையை யாம் பழிக்கவில்லை. அஃது என்றோ ஒருநாள் உண்ணத்தக்கது. ஆனால், தயிர்ப்பானத்திற் சர்க்கரையைப் பெய்து, நற்கிருமி உடையதென்று புகழ்ந்து நாடோறும் பிள்ளைகட்குப் புகட்டுவது, காவலனோடு கள்வனையும் வீட்டுக்குள் அழைப்பதேயாம்.

எனவே, ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்குக. இடைவேளைதோறும் இனிப்புப் பானம் நாடுதலை ஒழிக்க. நம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் வண்ணப் பானப் புட்டிகள் முன்வரிசையில் வீற்றிருக்கின்றன. அவ்வரிசையில் ஒரு மோர்ப்பானைக்கு இடந்தருமாறு அதனை நடத்துவோரை வேண்டுகின்றோம். பானை நாடோறும் காலியாகுமாறு செய்வது மாணவராகிய நம் கடன்.