பின்ன மாப்பிள்ளையின் கைத்தடி

தோட்டத்துப் பெண்ணுக்குக் காணியுரிமை கேட்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாம். இந்தத் தீவே தாய்வழிப் பூமியாம். ஆகவே அவளுக்குப் புதிதாகக் கொடுக்க எதுவுமில்லையாம். நண்பர் ஒருவர் இப்படித் தீர்ப்பெழுதி, மூன்று சான்றுகளையும் ஒரு பெருமூச்சையும் இணைத்திருக்கிறார்.

முதற் சான்று மட்டக்களப்பு. அங்கே குடி தாய்வழி வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகிறது, மறுப்பாரில்லை. ஆனால் அந்தக் குடிகளின் பேரால் கோயிலில் வண்ணக்கராக, அதாவது அறங்காவலராக, நிற்பது ஆணா, பெண்ணா? பழைய முக்குவர் வழமையில் ஆணின் முதுசம் போனது அவன் சகோதரியின் மகனுக்குத்தானே? தாய்வழி என்பது சொத்து நடந்துபோகும் பாதை. அந்தப் பாதையில் சுங்கம் வாங்குபவர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பப் புலமை வேண்டாம், துணிச்சல் போதும்.

இரண்டாவது, கண்டியச் சட்டத்தின் பின்ன மணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறும் அம்முறையைக் கேகாலை, இரத்தினபுரிக் கிராமங்கள் அறியும். ஆனால் பின்னவைச் சொன்ன வாய் தீகவை விழுங்கியதேன்? தீகவில் புகுந்தவீடு போன மகள், தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பரவேணி எனும் பரம்பரைக் காணியில் பொதுவாகப் பங்கிழப்பாள். போகட்டும், அது கண்டியச் சிங்களவரின் சட்டம். லயத்து மணங்களோ 1907ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்துக்குரியவை. அடுத்த வீட்டு நெல்லை அளந்து, நம் பானையில் சோறிருப்பதாகச் சாதிப்பது எந்தத் தர்க்கம்? பின்னவுக்கு முதலில் பெண்ணுக்கென்று நிலம் வேண்டும். கம்பனியின் 10க்கு 12 அடிக் காம்பராவில் மாப்பிள்ளையும் வந்து புகுந்தால் அதற்குப் பெயர் பின்னவல்ல, நெரிசல்.

மூன்றாவது தாய்மாமன். சடங்கு வீட்டில் மாமன் சீர் முதலில் வருவதால் நாமும் தாய்வழியாராம்! சீர்த்தட்டுக்குப் பின்னால் முறைப்பெண் மீதான உரிமையும் நடந்துவருவது நண்பர் கண்ணில் படவில்லையா? இரண்டு வீட்டு ஆண்கள் பேசிமுடிக்கும் அந்தக் கல்யாண உடன்பாட்டில் தாயின் கையெழுத்து எங்கே?

இனிப் பெருமூச்சு: “அவள் உழைப்பில்தானே வீடே நடக்கிறது!” நடக்கிறது. விடியுமுன் அடுப்பு மூட்டி, பெரட்டுக்கு ஓடி, கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ அவள்தான் நடத்துகிறாள். ஆனாலும் 1984இல் சமசம்பளம் வரும்வரை அவள் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவு. அவள் பேருக்கு விழுந்த சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கிவந்த வழக்கமும் உண்டு. உழைப்பவளே ஆள்பவள் என்றால், வண்டிமாடுதான் வண்டிக்குச் சொந்தக்காரன்.

அரசாவது தாயைக் கேட்டதா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த மண்ணைக் கேட்டது. அதில்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்த மண்ணை. மணமான தாய் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. தாய்வழித் தீவுக்குத் தாயின் நினைவு வர 55 ஆண்டுகள்!

இத்தனையும் அறியாதவரா நண்பர்? தன் குடும்பத்துக்குக் கிடைக்கும் 7 பேர்ச்சஸ் காணியின் உறுதியில் மனைவியின் பெயரும் ஏறிவிடுமோ என்ற கலக்கம்தான் திடீரென்று மானிடவியல் பேசுகிறது. பின்ன மாப்பிள்ளை, பெண் போகச் சொன்னால் புறப்பட வசதியாகக் கைத்தடியையும் விளக்கையும் ஓலைக்குடையையும் வாசலருகே வைத்திருக்கவேண்டும் என்பார்கள். தாய்வழியை மெய்யாகவே மெச்சுகிறவர் உறுதியை மனைவி பெயருக்கு எழுதட்டும். கைத்தடிச் செலவு என்னுடையது.