மூத்த குழந்தையின் சுயமரியாதை

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தவுடன், மூத்த குழந்தை மெலிவதும், சிணுங்குவதும், விட்டுப்போன வழக்கமாகிய பாயை நனைப்பது திரும்பி வருவதும் நம்மில் பலரும் கண்ட விஷயமேயாகும். ஆனால், இதற்கு நம் மக்கள் சொல்லும் காரணம் என்ன? ‘தேரை விழுந்துவிட்டது’ என்பதும், ‘பிறந்ததின் ஜாதகம் மூத்ததற்கு ஆகவில்லை’ என்பதுமேயாம். உடனே மந்திரிப்பு, தாயத்து, ஜோசியனுக்குத் தட்சணை! குழந்தையின் கழுத்துக்கு ஒரு கயிறு கிடைத்தது. வயிற்றுக்குக் கிடைத்தது என்ன?

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக இருந்துவரும் சமணச் சித்திரம் மங்கினால், தொல்லியல் துறையார் தேரை விழுந்ததென்று சொல்வதில்லை. காரணத்தைத் தேடுகிறார்கள், காவல் போடுகிறார்கள். சித்திரத் தாமரைக்குள்ள இந்த நியாயம், குன்றின் கீழும் நாடெங்கும் உயிரோடு வாடும் குழந்தைகளுக்கு வேண்டாமா?

அப்படிக் காரணம் தேடியவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். இன்று கானா என்னும் ஆப்பிரிக்க நாட்டில் வேலை பார்த்த அவர், உடல் வீங்கித் தோலுரிந்து சாகும் குழந்தைகளைப்பற்றி 1933-ல் எழுதினார். 1935-ல் அவ்வூரார் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே அந்நோய்க்குக் கொடுத்தார். அடுத்த குழந்தை வந்ததால் இடமிழந்த குழந்தையின் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்றபின் அவற்றிற்குக் கிடைத்தது சத்தற்ற மக்காச்சோளக் கஞ்சியே. அங்கே தேரை எங்கிருந்து வந்தது?

வயிற்றோடு விஷயம் முடிந்ததா? இல்லை. தாய் மடி போயிற்று. பக்கத்துப் படுக்கை போயிற்று. மூத்தது பெண்ணாகவும் இளையது ஆணாகவும் இருந்துவிட்டால் பங்கும் போயிற்று. ‘தம்பிக்கு விட்டுக்கொடு’ என்பதே பெண் மக்கள் கேட்கும் முதல் மனுதர்மம். பதவி போன மந்திரி புலம்பினால் அரசியல் என்கிறோம். மடி போன குழந்தை அழுதால் பொறாமை என்று அடிக்கிறோம்!

ஆகவே, செய்ய வேண்டியது யாதெனில், குழந்தை வரப்போவதை மூத்ததற்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பிறந்தபின் தகப்பன்மார் மூத்ததைத் தூக்கட்டும், ஊட்டட்டும், பக்கத்தில் படுக்க வைக்கட்டும். அதனால் ஆண்மை குறைந்துவிடாது. பருப்பும் முட்டையும் கொடுங்கள். மெலிவு தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் 24 மாதமாவது இடைவெளி வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பத்தடையின் அவசியத்தைப் பெரியார் ‘குடி அரசு’வில் 1930-லேயே எழுதினார். அதைக் கேளாதவர்கள் இன்று குழந்தையின் கழுத்தில் தாயத்தைக் கட்டிவிட்டுக் கடவுளை நோவதில் பயனென்ன?