ரேகை விழாத விரலும் ஒரு விண்ணப்பமும்

ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு சுற்றும் குடும்பத்துப் பெண் ஒருவர், தொழில்நுட்பக் கொள்கைப் பயிற்சி ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பக்கம் முழுக்கச் செயற்கை நுண்ணறிவு, உலகப் பொருளாதாரம், நான்காம் தொழிற்புரட்சி. ஆங்கிலத்தில் பிழையே இல்லை. அவரைத்தான் அதில் எங்கும் காணோம்.

போனில் பேசினோம். பேச்சுவாக்கில் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வருஷக்கணக்காக மாவைத் திருகித் திருகி விரல் நுனி வழவழத்துவிட்டது. ரேஷன் கடையில் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். "ரேகை விழலைங்கக்கா, இன்னொருக்கா வைங்க." பின்னால் வரிசை நிற்கிறது. மூன்றாம் முறையும் விழாவிட்டால், மகளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் வர வேண்டும். இதை ஏன் எழுதவில்லை என்றேன். "இதெல்லாம் பாலிசியாங்க சார்?" என்று கேட்டார்.

இதுதானம்மா பாலிசி. ஆதார் சட்டம், 2016-இன் 7ஆம் பிரிவு அரசு மானியத்தை அடையாளச் சரிபார்ப்போடு சேர்த்துக் கட்டியது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. அதற்கு முன்பே, 2017 அக்டோபர் 24 அன்று, ரேகை பதியவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அந்தக் கடிதம் கடை மேசைவரை வந்து சேர்ந்ததா? விலக்கு அளித்தால் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? மாதம் எத்தனை பேர் என்று எண்ணுவது யார்? இவற்றைக் கேட்கத் தோன்றுகிறவர்தான் நம் துறைக்கு வேண்டும். பிரிவு எண்களைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே, விண்ணப்பிப்பவர்களே, கண்ணால் கண்ட ஒன்றை எழுதுங்கள். எந்த விதியால் அது நடக்கிறது, எந்த அலுவலகம் நினைத்தால் மாறும் என்று தேடிப் பாருங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்திருந்தால், ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போட்டிருந்தால், அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

பயிற்சி நடத்தும் நம்மிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2015இல் இணையச் சமநிலைக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான டேட்டா கட்டணங்களுக்குத் தடை வந்தது. பெரிய வெற்றி. ஆனால் அது மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவர்களின் வெற்றி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் உரிமைக்கு வழி செய்திருக்கிறது. நிறுவனங்களிடம் அதை வற்புறுத்தும் நாம், நம் விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருக்கலாமா?

அந்தப் பெண் திரும்ப எழுதிவிட்டார், தமிழில். முதல் வரியிலேயே அம்மாவின் விரல் வருகிறது. இப்போது அதை ஆங்கிலமாக்க உட்கார்ந்திருக்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்.