பாராத படமும் பழித்த பேனாவும்

எமது கல்லூரியில் உயர்தரம் பயிலும் மாணவன் ஒருவன் சில வாரங்களுக்கு முன் ஒரு கட்டுரையுடன் எம்மிடம் வந்தான். நூலோ, நாடகமோ, திரைப்படமோ யாதேனும் ஒன்றை எடுத்து, அதுபற்றித் திறனாய்வாளர் கூறியவற்றை ஆராய்ந்து எழுதுமாறு வகுப்பினரைப் பணித்திருந்தோம். ஏனையோர் நாம் எதிர்பார்த்தவற்றையே எழுதிவந்தனர். இவன் எடுத்துக்கொண்டதோ 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பிரைடே த தேர்ட்டீன்த் - இரண்டாம் பாகம்’ என்னுங் கொலைப் படம்! தலைப்பைக் கண்ட மாத்திரத்தே தாளைத் திருப்பிக் கொடுத்து, “இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று, வேறொன்று எழுதி வாரும்” என்றோம்.

பையன் முரண்டு பிடிக்கவில்லை. பணிவாக ஒன்று மாத்திரம் கேட்டான்: “சேர் அந்தப் படத்தைப் பார்த்தீங்களோ?”

பார்த்ததில்லை. அவ்வாறு சொல்ல நேர்ந்தபோது வகுப்பிலே எழுந்த சிரிப்பொலியை இங்கு வருணிக்க வேண்டுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவே படத்தை வீட்டில் இருந்து பார்த்தோம். இல்லாள் கால் மணி நேரத்துக்குள் எழுந்து அடுக்களைக்குட் சென்றுவிட்டார். நாம் ஆசிரியத் தொழிலுக்குரிய பிடிவாதத்தோடு இறுதிவரை இருந்தோம். பின்னர் பையனுடைய கட்டுரையையும், அவன் சுட்டியிருந்த பழைய விமரிசனங்களையும் வாசித்தோம். அவ்வாறு அறிந்தவற்றுட் சிலவற்றை வாசகர்க்குஞ் சொல்லலாம் எனத் தோன்றுகின்றது.

முதற் படம் 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. ஷோன் கன்னிங்ஹாம் என்பவர் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் டொலர் செலவில் எடுத்த அப்படம், அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய நான்கு கோடி டொலர் ஈட்டியது. ஏரிக்கரையிலுள்ள விடுமுறை முகாம் ஒன்றில் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதே கதை. கொலைஞர், கவனிப்பாரின்றி அந்த ஏரியில் மூழ்கிய ஜேசன் என்னுஞ் சிறுவனின் தாய். இரண்டாம் பாகத்தில் அம்மகனே உயிரோடு தோன்றி, தலையிற் சாக்குப் பையை மூடிக்கொண்டு கொலைத் தொழிலை ஏற்கிறான். இதனை இயக்கியவர் ஸ்டீவ் மைனர்.

விமரிசகர்களின் சினம் முதற் படத்திலேயே மூண்டுவிட்டது. சிக்காகோ நகரத்துப் பத்திரிகை விமரிசகர் ஜீன் சிஸ்கெல் செய்த காரியம் விசித்திரமானது. கொலைஞர் யார் என்பதைத் தமது விமரிசனத்திலேயே வெளியிட்டுவிட்டார். வாசகர் படத்துக்குச் செல்லாதிருக்கட்டும் என்பது நோக்கம். அதனோடும் அமையவில்லை. தாயாக நடித்த பெற்சி பாமர் அம்மையாரின் ஊரையும், படத்தை வெளியிட்ட பராமவுண்ட் நிறுவனத்தின் உடைமையாளராயிருந்த கூட்டுத்தாபனத்தின் தலைவர் முகவரியையும் அச்சிட்டு, கண்டனக் கடிதம் எழுதுமாறு வாசகரைத் தூண்டினார். படத்தைக் குறை கூறுதல் விமரிசகர் கடன். நடித்த பெண்ணின் ஊரைக் காட்டிக் கொடுத்தலும் அக்கடனுள் அடங்குமோ? எமக்கு அஃது ஒப்பவில்லை. பயன் விளைந்ததா என்று நோக்கினால், மேலே சொன்ன நான்கு கோடி டொலரே விடை.

ஆயினும் சிஸ்கெலையும் அவருடைய தோழர் றொஜர் எபேட்டையும் வெறுஞ் சினத்தர் என ஒதுக்குதல் நீதியன்று. அதே 1980ஆம் ஆண்டில் இருவரும் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இத்தகைய படங்களைப் பற்றித் தனியே ஒரு முறை உரையாடினர். கமெரா கொலைஞனின் கண்ணாகி நிற்கின்றது. ஆகவே பார்ப்பவனும் கொலைஞனின் பக்கத்திலே நிறுத்தப்படுகின்றான். அஞ்சி ஓடும் பெண்ணின் துன்பம் அவனுக்கு விளையாட்டாகின்றது. இதுவே அவர்கள் சாற்றிய குற்றம். இதனோடு, 1978ஆம் ஆண்டின் ‘ஹலோவீன்’ என்னும் படத்தை விலக்காகக் காட்டி, அதன் கலைத்திறனை மெச்சவுஞ் செய்தனர். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டுள் ஒன்று ஏன் தகும், மற்றது ஏன் தகாது எனக் காட்டுதலன்றோ திறனாய்வு! தொல்காப்பியர் அச்சத்தை ஒரு மெய்ப்பாடாகவும் இளிவரலை வேறொரு மெய்ப்பாடாகவும் வைத்தார். ‘ஹலோவீன்’ குருதியை அதிகங் காட்டாமலே அச்சத்தை எழுப்புகின்றது. அதனைப் பின்பற்றிய படங்களோ அச்சத்தைத் தேடிச் சென்று அருவருப்போடு திரும்பி வருகின்றன.

இரண்டாம் பாகம் வந்தபோது எபேட் அதற்கு அரை நட்சத்திரம் அளித்தார். தாம் இளமையிற் சனிக்கிழமைதோறும் படம் பார்த்துக் களித்த தம் ஊர் அரங்கிலேயே அவர் இதனையும் பார்த்தார். சூழ இருந்தவர்கள் பாடசாலை, பல்கலைக்கழக மாணவர்கள். பழைய மகிழ்ச்சியை எதிர்பார்த்து அமர்ந்தவருக்குக் கிடைத்தது மனக்கசப்பு. இதுவரை அவர் பக்கமே நாமும் நிற்கிறோம். ஆனால், அவ்விமரிசனம் இவ்வரிசையில் உள்ள எந்தப் படத்துக்கும் பொருந்தும், விரும்பியதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் ஒரு குறிப்பையும் இட்டுவிட்டார். நகைச்சுவைதான்; நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் உறுத்தியது. வினாத்தாள் திருத்தும் ஒருவர், இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள் என்று முதல் தாளின் புள்ளியையே எல்லாத் தாளுக்கும் இட்டால் பெற்றோர் பொறுப்பார்களா?

பையனின் தாளைத் திறவாமலே திருப்பிய எமக்கு இதைக் கேட்கும் உரிமை சற்றுக் குறைவு என்பதும் நினைவிருக்கிறது.

திறந்து பார்த்தால் இத்தாளில் என்ன இருக்கின்றது? பெரும்பகுதி மோசமே. சக்கர நாற்காலியில் நடமாடும் இளைஞன் ஒருவனை வெட்டி, நாற்காலியோடு படிகளிலே உருளவிடுங் காட்சியை எந்த நியாயங் கொண்டும் நாம் மன்னிக்கமாட்டோம். அக்காட்சியும், இருவரை ஒரே ஈட்டியாற் குத்துங் காட்சியும், இத்தாலியரான மரியோ பாவா 1971ஆம் ஆண்டில் எடுத்த படமொன்றின் காட்சிகளைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. தணிக்கையாளர் ஏறத்தாழ 48 விநாடி நீளத்தை வெட்டுவித்தனர் என்பர். எஞ்சியதே எமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் எமி ஸ்டீல் என்னும் நடிகை ஏற்ற ஜின்னி என்ற பாத்திரம் வேறு. அவள் குழந்தை உளவியல் பயிலும் மாணவி. மதுச்சாலையிற் கூடியிருக்கும் நண்பர்கள் ஜேசன் கதையைக் கேலி பேச, அவள் மாத்திரம் தாயைக் கண்ணெதிரே பறிகொடுத்த பிள்ளையொன்று காட்டிலே எப்படி வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறாள். இறுதியில் உயிர் போகும் வேளையிலே அவளுக்கு உதவுவதும் அந்த எண்ணமே. இறந்த தாயின் கம்பளிச் சட்டையை எடுத்து அணிந்து, தாயின் குரலிற் பேசுகிறாள். ஆயுதம் ஏந்திய கை தயங்குகிறது. அரக்கனுக்குள்ளே பிள்ளையைத் தேடிக் கண்ட அந்தச் சில கணங்களுக்காக அரை நட்சத்திரத்துக்கு மேல் ஏதோ கொடுத்திருக்கலாம். அக்காலத்து விமரிசகர் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

கொண்டவர் சில ஆண்டுகளின் பின் வந்தார். பழைய நோர்ஸ் மொழிக் கதைகளிலே புலமை பெற்ற கலிபோர்னியப் பேராசிரியை கரொல் குளோவர், 1987ஆம் ஆண்டு எழுதிய ஆய்விலும், 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலும் இத்தகைய படங்களையே பொருளாகக் கொண்டார். கடைசியில் எஞ்சி நின்று போராடும் பெண்ணை ‘இறுதிப் பெண்’ எனப் பெயரிட்டு அழைத்தார். கொலைஞனின் கண்ணாகத் தொடங்கும் கமெரா படிப்படியாக அப்பெண்ணின் கண்ணாகின்றது. அரங்கிலுள்ள வாலிபர்களும் அவள் பக்கஞ் சேர்ந்து ஆரவாரிக்கின்றனர் என்பது அவர் கண்டது. சிஸ்கெலும் எபேட்டும் சொன்னது முற்பாதிக்கு மெய். அம்மையார் சொன்னது பிற்பாதிக்கு மெய் என்றே எமக்குப் படுகிறது. பழங்கதை படித்தவர்க்குக் குருதியைக் கண்டு உடனே முகத்தைத் திருப்பாத பழக்கம் உண்டு போலும். கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் பிணக்களத்திற் கூழ் அடும் பகுதியை ஆண்டுதோறும் வகுப்பிலே சுவைபடச் சொல்லிக்கொடுக்கும் நாமல்லவா அப்பையனைத் தடுத்தோம்!

தொடர்ச்சிப் படம் என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணமும் இவ்வெறுப்புக்குத் துணைநின்றது. 1997ஆம் ஆண்டின் ‘ஸ்கிரீம்’ இரண்டாம் பாகத்தில் கல்லூரி மாணவர்கள் வகுப்பிலே இதையே வாதிடுகின்றனர். அதுவும் குருதிப் படந்தான். விமரிசகர் பலர் பாராட்டினர்.

திங்கட்கிழமை பையனிடந் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். 100க்கு 68 இட்டோம். எபேட்டின் நியாயங்களைச் சரியாக எடுத்துச் சொல்லாமலே மறுக்க விரைந்தமைக்காகச் சில புள்ளிகள் குறைத்தோம். சந்திப் பிழைகளுக்காக வேறு சில. தாளைப் பார்த்தபின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். என்னவென்று கேட்டோம். மூன்றாம் பாகத்தையும் பார்க்கவேண்டுமாம். இல்லாளிடங் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.