தூக்க மருந்தும் மூளை நீரும்

சமீபத்தில் நம் நண்பர் ஒருவரின் தாயாருக்கு மூளையில் கட்டி என்று ரண சிகிச்சை நடந்தது. கத்தி பிடிக்கும் டாக்டரின் கைராசியைப் பற்றி வீடே ஒரு வாரம் விசாரித்தது. மயக்க மருந்து கொடுப்பவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. "அவர் தூங்க வைப்பவர்தானே?" என்றார் நண்பர். அவ்வளவுதானா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

நம் மூளை தெளிந்த நீரில் மிதக்கிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள அது, மிதப்பதன் பயனாக 50 கிராம் அளவே கனக்கிறது. மூளையின் உள்ளறைகளிலுள்ள ரத்தக் குழாய்க் கொத்துக்களிலிருந்து இந்நீர் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் ஊறுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் தங்கியிருப்பது 150 மில்லி லிட்டர் அளவுதான். மிகுந்தது ரத்தத்தில் வடிந்துவிடுகிறது. ஏரிக்கு வரத்துக்கால் ஒன்று, கலங்கல் ஒன்று இருப்பதைப் போலத்தான். ஏரியில் நீர் மிஞ்சினால் கரையாவது உடைந்து வழிவிடும். மண்டையோடோ இம்மியும் விரிந்து கொடுக்காது, நெருக்குண்பது மூளையே.

1846-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதரைக் கொண்டு ரண சிகிச்சையின் வலியை வென்று காட்டினார். அதன் பின் வந்த மயக்க மருந்துகள் இந்த ஏரியையும் தொடுகின்றன என்பது வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. 1980-களில் நாய்களிடத்தில் சோதித்தார்கள். என்ஃப்ளூரேன் வரத்தைப் பெருக்கி, வடிகாலையும் இறுக்கியது. ஹாலோதேன் வரத்தைக் குறைத்தது; ஆனால் வடிகாலை நெருக்கியது. போதாக்குறைக்கு, மூளையின் ரத்தக் குழாய்களையும் அது விரித்துவிடும். ஐஸோஃப்ளூரேனோ வரத்தில் கை வைக்கவில்லை. தூக்கம் ஒன்றுதான், விளைவு மூன்று விதம்!

ஆரோக்கியமான மூளைக்குச் சில மணி நேரத்தில் இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் கட்டியொன்று ஏற்கெனவே இடத்தை அடைத்திருக்கையில் ஒவ்வொரு கரண்டி நீரும் கணக்குத்தான். ஆகவேதான் மயக்க டாக்டர் மருந்தைப் பொறுக்கி எடுக்கிறார். மூளைக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கும் புரோபோஃபாலை ரத்தக் குழாய் வழியே செலுத்துவதும் உண்டு. கரியமில வாயு மிகுந்தாலும் ரத்தக் குழாய்கள் விரியுமாதலால், நோயாளியின் சுவாசத்தையும் அளந்து நடத்துகிறார்.

நண்பரின் வீட்டில் முதல் நாள் மாலை அவர் வந்து, "தலைவலி, வாந்தி எப்படி?" என்று கேட்டாராம். சிகிச்சை தள்ளிப் போய்விடுமோ என்ற பயத்தில், "எல்லாம் பழையபடிதான்" என்றார் நண்பர். "இரண்டு நாளாக வாந்தி அதிகம், அப்பா" என்று படுக்கையிலிருந்தபடியே திருத்தினாள் அந்த அம்மாள். மறுபடியும் படம் எடுத்துப் பார்த்து, அதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்த பிறகே டாக்டர் மயக்கம் கொடுத்தார். அம்மாள் இன்று க்ஷேமமாயிருக்கிறாள்.

மயக்க டாக்டர் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதியே. அதை நாம்தான் செய்தாக வேண்டும்.