மரம் சாகவில்லையாம், அதனால் நஷ்டமும் இல்லையாம்!



தோப்புக்குள் போய் தென்னையின் கீழ்மட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளைப் பஞ்சு. அதுக்குள்ளே எள் அளவுகூட இல்லாத ஈ. மேல்பக்கமோ அடுப்புக்கரி பூசின மாதிரி கருப்பு. ஈயும் குஞ்சும் சாறை உறிஞ்சி இனிப்புத் தண்ணியாகக் கழிக்கின்றன. அதில் படர்வதுதான் இந்தக் கரும்பூஞ்சாணம். கீழே ஊடுபயிராக நிற்கிற வாழையும் கருத்துப் போகிறது. வெயில் படாத ஓலையை வைத்துக்கொண்டு மரம் எப்படிங்க காய்க்கும்?

இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லை. அலுரோடிகஸ் என்கிற இனம், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. அண்ணன்காரன் 1993இல் கேரளத்து மரவள்ளியில் தென்பட்டான். தம்பிக்காரன் 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் இறங்கினான். வெளிநாட்டுப் பூச்சியைத் தடுக்க 1914இலேயே சட்டம் போட்டாச்சு. 2003இல் இறக்குமதிக்குத் தனி ஆணையும் வந்தது. அப்புறமும் தம்பி உள்ளே வந்தானே! வாசலைக் காக்க வேண்டியது அரசாங்கமா, நாமா?

2009-10இல் கொண்டுவந்த தென்னை மரக் காப்பீட்டின் விதியைக் கேட்டுப் பாருங்கள். மரம் செத்திருக்கணும், இல்லையென்றால் ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கணும். வெள்ளை ஈ மரத்தைக் கொல்லாது. மரம் நிற்கும், காய் குறையும். நின்றுகொண்டே நஷ்டம் கொடுக்கிற மரம் எந்தக் கணக்கில் வரும்?

ஒன்று சொல்கிறோம், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற விஷ மருந்தை அடிக்காதீர்கள். ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதை அழிக்கிற என்கார்சியா குளவிதான் முதலில் சாகும். அண்ணன்காரனை அடக்கியதே அந்தக் குளவிதான். குளவி இருக்கும் ஓலைத்துண்டு கட்டுவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, விசையோடு தண்ணீர் அடிப்பது, கருப்பு உதிர லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை – வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற வழி இதுதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டு ஏக்கர்காரன் தென்னை உச்சிக்குத் தண்ணீர் அடிக்க மெஷினுக்கு எங்கே போவான்? அவன் செய்து, பக்கத்துத் தோப்பு சும்மா கிடந்தால் என்ன பிரயோசனம்?

அதனால் கேட்கிறோம்: காய் குறைந்ததையும் நஷ்டமாகக் கணக்கெடுத்து நிவாரணம் கொடு! ஒன்றியம்தோறும் குளவி வளர்த்து இலவசமாகக் கொடு! ஊராட்சிக்கு ஒரு விசைத்தெளிப்பான் கொடு!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள். வெறுங்கையோடு வேண்டாம். ஆளுக்கொரு கருத்த மட்டை எடுத்து வாருங்கள்.